சங்கு ஊதினால் ஒதுங்க வேண்டும்

அன்று எங்கள் ஊர்ப் பொது மண்டபமான மனேயாபாவில் நான் சங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் செலோத்தியா அக்கா, இறந்துபோன பெனியேலி அண்ணனின் மனைவி. காலையில் அவர்கள் வீட்டுக்குப் பாய்கள் கொண்டுபோனபோது என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். முகம் அழுது வீங்கியிருந்தது. குரல் கறாராகத்தான் இருந்தது.

"நீதான் பேசப்போறியாமே. நல்லாப் பேசு. ஆனா அந்தச் சங்குக் கதை மட்டும் வேண்டாம், சுவெய்னா. வெளியூர்லேர்ந்து யாரு வந்தாலும் அதத்தான் கேப்பாங்க. இவரும் சிரிச்சுக்கிட்டே நடிச்சுக் காட்டுவாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்துக்குவாரு. செத்த பிறகாவது அந்த மனுஷன் ஒதுங்கி நிக்காம இருக்கட்டும்."

சரி என்றேன். அதனால் அன்று சொல்லாததை இங்கே முதலில் எழுதிவிடுகிறேன்.

எங்கள் துவாலு நாட்டின் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் விமானம் இறங்குவதற்கு முன் அபாயச் சங்கு ஊதும். ஓடுபாதை ஊரின் நடுவில் கிடக்கிறது. நாய், கோழி, மோட்டார் சைக்கிள், கைப்பந்து ஆட்டம், காற்றுக்காகப் பாய் விரித்துப் படுப்பவர்கள், எல்லாம் அதன் மேல்தான். சங்கு ஊதினால் ஒதுங்க வேண்டும். ஒதுங்காதவர்களை ஒதுக்குவது விமான நிலையத் தீயணைப்பு வண்டிக்காரர்களின் பொறுப்பு. பெனியேலி அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பார்த்த வேலை அது. பன்றியைக் காதைப் பிடித்து இழுப்பார், குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொள்வார், தூங்குகிறவரைப் பாயோடு சேர்த்து இழுத்து ஓரத்தில் விடுவார்.

பசிபிக் விளையாட்டுப் போட்டியில் அவர் எண்ணூறு மீட்டர் ஓடினார். தகுதி ஓட்டத்தில் முதல் சுற்றை முடித்து, கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தபோது மூன்றாவதாக இருந்தார். மூன்று பேர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். அப்போது உள்ளூர் ரசிகர் ஒருவர் தங்கள் வீரனை உற்சாகப்படுத்தக் கையால் சுழற்றும் சங்கு ஒன்றைச் சுழற்றினார். எங்கள் ஊர்ச் சங்கின் அதே குரல். அண்ணன் நின்றுவிட்டார். பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஃபிஜி வீரனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் புல்தரைக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்தவர்களைப் பார்த்து இரண்டு கைகளையும் வீசி, ஓரமாகப் போங்கள் என்று எங்கள் மொழியில் கத்தினார். அவர்கள் அவரைத் தாண்டி ஓடிப்போனார்கள். பிறகு அவர் வானத்தைப் பார்த்தார்.

ஃபிஜி வீரனுக்கு மறுவாய்ப்புக் கிடைத்தது. அண்ணனைத் தகுதி நீக்கம் செய்தார்கள். யாரோ எடுத்த படம் உலகமெல்லாம் போனது. அது அந்த இடத்தில்தான் முடிகிறது. நிரம்பி வழியும் மைதானத்தின் நடுவே, அண்ணாந்து விமானத்தைத் தேடுகிற ஒரு மனிதன்.

அந்தப் படத்தில் வராத ஒன்றும் உண்டு. மறுநாள் காலை நடந்தது. சங்கைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது என்பதால் அதையும் விட்டுவிட்டேன். மனேயாபாவில் நான் பேசியது இதுதான்.

*

தூண்களில் சாய்ந்து அமர்ந்திருக்கும் தீவின் பெரியவர்களே, போதகர் அவர்களே, எங்கள் விளையாட்டு மன்றத் தலைவர் மாத்தியா அவர்களே, சீருடையோடு வந்திருக்கும் தீயணைப்புத் தோழர்களே, காயல் பக்கத்து உறவுகளே, கடல் பக்கத்து உறவுகளே, செலோத்தியா அக்கா, உங்கள் எல்லோருக்கும் தலோஃபா.

இதே மண்டபத்தில் ஒரு முறை நாம் பெனியேலியை வழியனுப்பினோம். நினைவிருக்கிறதா? போட்டிக்குப் போகும் குழு என்று மூன்று பேரை நடுவில் உட்கார வைத்தீர்கள். பளு தூக்குகிற கைட்டு, ஓட்டக்காரர் பெனியேலி, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான். புலக்காக் கிழங்கும் மீனும் எங்கள் முகத்தை மறைக்கும் அளவுக்குக் குவிந்திருந்தன. நீங்கள் பாட்டுக் கட்டிப் பாடினீர்கள். மரப்பெட்டியைத் தட்டித் தட்டி வேகத்தைக் கூட்டினீர்கள். பாட்டில் தன் பெயர் வந்த இடத்தில் பெனியேலி தலையைக் குனிந்துகொண்டார். ஒவ்வொரு முறை வந்தபோதும் குனிந்துகொண்டார்.

இன்றும் அவர் அதே நடு இடத்தில்தான் இருக்கிறார். அவர் மேல் பாய்களை அடுக்கியிருக்கிறோம். அவர் பெயரை எத்தனை முறை சொன்னாலும் இன்று அவர் குனியப்போவதில்லை. ஆகவே துணிந்து சொல்கிறேன். நம் பெனியேலி! துவாலுவின் கொடியைப் பிடித்து நடந்த பெனியேலி!

திங்கட்கிழமை கடலுக்குப் போய் வந்தார். படகைக் கரையேற்றினார். பிடித்த மீனைப் பக்கத்து வீடுகளுக்குப் பங்கு வைத்தார். படகின் விளிம்பில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. இது போகிற வயதா? பதில் சொல்ல ஆளில்லாத கேள்விதான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

நண்பர்களே, நம் நாட்டில் ஓட்டப்பந்தய மைதானம் உண்டா? இல்லை. நம்மிடம் இருப்பது விமானம் ஓடுகிற பாதை. கயிறு பிடித்தாற்போல் நேராகக் கிடக்கிறது. மற்ற நாடுகளில் பந்தயப் பாதை வளைந்து திரும்பும் என்று கேள்விப்பட்டிருந்தோம். வளைவில் எப்படி ஓடுவது? எங்கே போய்ப் பழகுவது? பெனியேலி வீடு வீடாகப் போய்த் தேங்காய் மட்டைகளைச் சேர்த்தார். மாலையில் வெயில் தாழ்ந்ததும் அவற்றை ஓடுபாதையின் அகலத்துக்கு வளைவாக அடுக்கினார். கைப்பந்து ஆடுகிறவர்கள் திட்டினார்கள். திட்டியவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள், பெயர் சொல்லப்போவதில்லை. கைட்டு தான் தூக்கிப் பழகும் சிமெண்டு டின்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "என்னடா, பன்றிக்கு வேலி கட்றியா?"

"உனக்குத்தான் கட்றேன். உள்ள வந்து உக்காரு," என்றார் பெனியேலி.

அந்த மட்டை வளைவில் நாங்கள் எத்தனையோ மாலைகள் ஓடினோம். ஆனால் மட்டை வளைவு வேறு, மைதானத்தின் வளைவு வேறு என்பது அங்கே போன முதல் நாளே தெரிந்துவிட்டது. பயிற்சி ஓட்டம். வளைவு வந்தது. பெனியேலி வளையவில்லை. நேராகப் போய், நீளம் தாண்டுகிற மணல் குழியில் நின்றார். மட்டையைக் காணோம், அதனால் வழி தெரியவில்லை என்று மாத்தியா அவர்களிடம் விளக்கம் சொன்னார். தலைவர் அவர்களே, நீங்கள் அன்று கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு, மற்ற நாட்டு வீரர்கள் ஓய்வெடுத்த நேரத்திலெல்லாம் அந்த வளைவில் ஓடியே அதைக் கற்றுக்கொண்டார் பெனியேலி.

செலோத்தியா அக்கா எங்கள் தலைக்குப் பூ வளையங்கள் கட்டிக் கொடுத்திருந்தார். தொடக்க விழாவில் சூடிக்கொள்வதற்காக ஈரத் துணியில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு போனோம். அந்த நாட்டு விமான நிலையத்தில், பூவும் விதையும் உள்ளே வரக் கூடாது என்று வாங்கித் தொட்டியில் போட்டுவிட்டார்கள். கைட்டு சண்டைக்குப் போனார். பெனியேலி அவரைப் பின்னால் இழுத்துவிட்டு, அந்த அதிகாரியிடம் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "பரவாயில்லைங்க. நானும் உங்க மாதிரிதான். எங்க ஊர்ல பன்றிய உள்ள விடாமப் பாத்துக்கறேன்." அது பாராட்டா இல்லையா என்று அந்த அதிகாரிக்குக் கடைசிவரை புரியவில்லை.

பூ இல்லாமல் துவாலுக்காரர்கள் அணிவகுத்து நடப்பதா? பெனியேலி சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். கை துடைப்பதற்காக மஞ்சளும் சிவப்புமாகக் காகிதங்கள் வைத்திருந்தார்கள். அவற்றை மடித்தார், முறுக்கினார், இதழ் இதழாகப் பிரித்தார். கைட்டுவின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்து நூலை உருவிக் கோத்தார். தலைவருக்கும் சேர்த்து நான்கு வளையங்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் செலோத்தியா அக்கா கட்டியது என்றே சொல்வீர்கள். கிட்டே வந்து முகர்ந்தால்தான் சோப்பு வாசனை.

அணிவகுப்புக்காக மைதானத்துக்கு வெளியே வரிசையில் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் டோங்கா. அந்தப் பெண்களில் ஒருத்தி, இது எங்கே கிடைத்தது என்று பெனியேலியிடம் கேட்டாள். அவர் தன் தலையில் இருந்ததைக் கழற்றி அவளுக்குச் சூட்டிவிட்டார். அன்று எடுத்த புகைப்படத்தில் மற்ற மூவர் தலையிலும் பூ இருக்கிறது, கொடி பிடிக்கிறவர் தலையில் மட்டும் ஏன் இல்லை என்று நீங்கள் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். காரணம் இதுதான். அவரிடம் கேட்டிருந்தால் மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

உள்ளே நடந்தோம். முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை டோங்கா. பின்னால் வனுவாட்டு, அதுவும் பெரிய கூட்டம். நடுவில் நாங்கள் நான்கு பேர். அறிவிப்பாளர் நம் நாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் கடந்துபோய்விடுவோம் என்று கைட்டு பயந்தார், நடையை வேகமாக்கினார். பெனியேலி கொடியை உயர்த்திப் பிடித்தபடி, திரும்பாமலே சொன்னார்: "மெதுவா நடங்க. நாலு பேருதான். ஆனா அவசரம் ஒண்ணுமில்ல."

மெதுவாக நடந்தோம். வனுவாட்டுக்காரர்கள் எங்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். மைதானம் முழுவதும் நம்மைப் பார்த்தது. அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் துவாலுவைப் பார்த்தது அன்றுதான் என்று எனக்குத் தோன்றியது.

எங்களிடம் நல்ல ஸ்பைக்ஸ் காலணி ஒரு ஜோடிதான் இருந்தது. பெனியேலியின் அளவு. என்னுடைய நானூறு மீட்டர் காலையில். முன்பக்கம் துணி திணித்து, என் காலில் அவரே இறுக்கிக் கட்டினார். ஓடினேன். கடைசியாக வந்தேன். நம் நாட்டுப் பெண் ஒருத்தி அதுவரை ஓடியதில் அதுதான் வேகம் என்று பிற்பாடு சொன்னார்கள், ஆனால் அந்த நேரத்தில் நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன். பெனியேலி என் காலிலிருந்து காலணியைக் கழற்றி, உள்ளே இருந்த துணியை உருவிக்கொண்டே கேட்டார்: "எதுக்குப் பிள்ள அழுற? ஏழு பேர் முன்னாடி போய் உனக்கு வழி பாத்து வச்சிருக்காங்க."

மதியம் அந்தக் காலணியைப் போட்டுக்கொண்டு அவர் எண்ணூறு மீட்டர் ஓடினார்.

அந்த ஓட்டத்தைப் பற்றி இன்று நான் பேசப்போவதில்லை. உங்களில் சிலர் தலை குனிவது தெரிகிறது. சிலர் உதட்டைக் கடித்துக்கொள்வதும் தெரிகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். முதல் சுற்றை அவர் ஓடிய வேகத்தில் நம் தீவில் இன்றுவரை யாரும் ஓடியதில்லை. பாதி ஓட்டத்துக்குப் பதிவேட்டில் இடம் கிடையாதாம். நம்மிடமும் கிடையாதா?

திரும்பி வந்தவர் என்ன செய்தார்? மறுநாள் வேலைக்குப் போனார். மாலையில் மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுபாதைக்குப் போனார். வீட்டுக்குள் முடங்கிவிடுவார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவரோ மட்டைகளை முன்னைவிட அகலமாக அடுக்கினார். உண்மையான வளைவைத்தான் பார்த்துவிட்டு வந்தாரே! உடம்பைக் குறைக்க நடக்க வந்த அக்காமார்களை ஓட வைத்தது யார்? மீன் விற்று முடித்துவிட்டு வந்தவர்களை, அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்களை, பைபிள் வகுப்புக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்களை, எல்லோரையும் வளைவில் ஓட வைத்தது யார்? பிப்ரவரி மாதத்தில் கடல் மிக உயர ஏறும் நாட்களில் தரைக்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீர் ஊறி ஓடுபாதை ஓரமெல்லாம் நிற்குமே, அப்போது மட்டைகள் ஒவ்வொன்றாக மிதந்து போயின. நாங்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். "எங்க போறீங்க? இன்னைக்கு வளைவுதான் நம்மளச் சுத்தி ஓடுது," என்றார். கணுக்கால் தண்ணீரில் ஓடினோம். அந்தச் சளசளப்புச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. அந்த மாலைகள் முடிந்துபோகும் என்று அப்போது யாருக்குத் தோன்றியது?

அடுத்த போட்டிக்கு எட்டுப் பேர் தயாராக இருக்கிறார்கள். எட்டுப் பேர்! எல்லோரும் அந்த மட்டைகளுக்கு இடையில் ஓடிப் பழகியவர்கள். அவருக்கு இதைவிடப் பெரிய பதக்கம் எந்த நாட்டில் செய்வார்கள்?

இப்படிப்பட்ட கூட்டத்தில் உறுதி கூறிவிட்டுத்தான் அமர வேண்டும். எனக்குப் பெரிய வார்த்தைகள் வராது. நாளை மாலை மட்டைகளை நான் அடுக்குவேன். கைட்டு தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், நீங்களே சாட்சி. அடுத்த போட்டியில் நம் அணி மெதுவாக நடக்கும், பின்னால் எந்த நாடு நெருக்கினாலும் மெதுவாகவே நடக்கும். எல்லோர் தலையிலும் பூ இருக்கும். கொடி பிடிக்கிறவர் தலையில் மட்டும் இருக்காது. நம் அணி நடக்கும் காலம்வரை அது அப்படியே இருக்கட்டும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அவர் பெயரைச் சொல்வோம்.

பெனியேலி அண்ணா, அவசரம் ஒன்றுமில்லை. மெதுவாகப் போய் வாருங்கள். தோஃபா.

*

நான் உட்கார்ந்தேன். போதகர் ஜெபித்தார். ஆண்கள் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள், முன்னால் கைட்டு. மனேயாபா இருப்பது காயல் பக்கம். அண்ணனின் வீடு கடல் பக்கம், குழி வெட்டியிருந்தது அவர் வீட்டு முற்றத்தில். நடுவில் ஓடுபாதை.

அதில் கால் வைக்கும் நேரத்தில் சங்கு ஊதியது. ஃபிஜியில் மழை காரணமாகக் காலையில் கிளம்பாத விமானம் அப்போது வந்துகொண்டிருந்தது. எங்கள் மொழியில் சங்கு ஊதுவதற்கும் மனிதர் அழுவதற்கும் ஒரே சொல்தான். அன்று அது வழக்கத்தைவிட நீளமாக ஊதியது.

தீயணைப்பு வண்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்த ஃபலானி, பெனியேலி அண்ணனோடு வேலை பார்த்தவர். இறங்கி வந்து பெட்டியைப் பார்த்தார். ஒதுங்கச் சொல்லிக் கையை உயர்த்தப் போய், இறக்கிக்கொண்டார்.

"சொல்லுடா," என்றார் கைட்டு, தோளில் பெட்டியோடு. "அவன் சொல்லாம விட்டிருப்பானா?"

"ஒதுங்குங்க," என்றார் ஃபலானி. "கொஞ்சம் ஓரமா."

ஒதுங்கினோம். புல்லில் பாய் விரித்துப் பெட்டியை இறக்கினார்கள். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. முதலில் சிரித்தது செலோத்தியா அக்காதான். கையில் இருந்த துணியால் வாயைப் பொத்திக்கொண்டும் அது நிற்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள், போதகரும்.

"எவ்வளவு சொல்லியும் இந்த மனுஷன் ஒதுங்கிட்டாரு பாத்தியா," என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "சரி, சொல்லு. விமானம் எறங்கற வரைக்கும் சும்மாதானே நிக்கிறோம்."

படத்தில் இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். சாப்பாட்டுக் கூடத்தில் நானும் அண்ணனும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். கைட்டு எடை பார்க்கப் போயிருந்தார், தலைவர் அவரோடு. அந்த ஃபிஜி வீரன் தட்டோடு எங்கள் மேஜைக்கு வந்தான். இசிகேலி என்று பெயர். அடிக்கத்தான் வருகிறான் என்று அண்ணன் எழுந்து நின்றார். ஏன் அப்படிச் செய்தாய் என்று மட்டும் அவன் கேட்டான். அண்ணன் சங்கைப் பற்றி ஆங்கிலத்தில் சொன்னார், சொல் கிடைக்காத இடங்களில் நான் எடுத்துக் கொடுத்தேன். இசிகேலி சிரிக்கவில்லை.

"விமானம் வருதுன்னு நெனச்சிருந்தா நீ மட்டும் ஓடியிருக்கலாமே. என்னை எதுக்கு இழுத்த?"

"நீ பக்கத்துல இருந்தியே," என்றார் அண்ணன்.

இசிகேலி தட்டை எங்கள் மேஜையில் வைத்து உட்கார்ந்தான். போட்டிகள் முடியும்வரை எங்களோடுதான் சாப்பிட்டான்.

அண்ணன் இதை வீட்டில் சொன்னதே இல்லை என்பது அக்காவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்படியா சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

அவர் குனிந்து, பெட்டியின் மேல் விலகியிருந்த பாயைச் சரிசெய்தார். விமானம் இறங்கி, ஓடி, திரும்பி வந்து நின்றது. வண்டியிலிருந்து ஃபலானி கையைக் காட்டினார். ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். நாங்கள் கடந்தோம்.